காகம் சாப்பிட்டுவிட்டது

ஆர்வியில், அந்த வீட்டு வாகனத்தில், கண் விழிக்கும்போது நான் எங்கே இருக்கிறேன் என்பது உடனே பிடிபடாது. தலைமாட்டில் ஒரு சின்னச் சன்னல். அதற்கு வெளியே ஒரு நாள் பைன் மரம் நிற்கும், ஒரு நாள் சோளத் தோட்டம், ஒரு நாள் வெறும் பனிப்புகார். நான் எழும்பாமல் படுத்தபடி இது எந்த ஊர் என்று ஊகித்துக்கொண்டிருப்பேன். சில நாள்களில் பிழையாகத்தான் வரும். அந்தச் சில நிமிடங்கள் எனக்கு மிகவும் பிடிக்கும். இருபத்தாறு வருடம் மார்க்கம் நகரில் ஒரு தொழிற்சாலையில், பூதக்கண்ணாடி விளக்கின் கீழே குனிந்திருந்து சர்க்கிட் போர்டுகளுக்கு ஈயம் வைத்தவள் நான். காலை ஐந்தே காலுக்கு அலாரம் அடிக்கும்போது எங்கே இருக்கிறேன் என்று யோசிக்க எனக்கு நேரம் இருந்ததில்லை.

பக்கத்தில் அவர் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார். அவர் ரொறொன்ரோவில் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்றும் ஸ்டியரிங் கையை விட்டுப் போகவில்லை. மற்றவர்கள் ஓய்வு பெற்றதும் கோயிலுக்குப் போவார்கள், பேரப்பிள்ளைகளைப் பார்ப்பார்கள். இவர் பழைய ஆர்வி ஒன்றை வாங்கி ஸ்காபரோ வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். பக்கத்து வீட்டுச் சன்னலைக்கூட மறைக்கும் அளவு நீளம். ஒஷாவாவில் இருக்கும் மகள் போனில் அதன் நீளத்தை இரண்டு தரம் கேட்டாள். கோயிலில் ஒரு அன்ரி என் கையைப் பிடித்து, "வயசுபோன காலத்திலை வானுக்கை படுக்கவோ பிள்ளை கனடாவுக்கு வந்தனீங்கள்?" என்று கேட்டார். நான் ஓம் என்றேன்.

போகிற இடத்தில் சும்மா இருக்க அவருக்கு வராது. ஆகவே எங்கே போனாலும் ஏதாவது தொண்டு வேலை. ஒரு ஊரில் நூலகத்துப் பழைய புத்தகங்களை அடுக்கினோம். ஒரு தேவாலயத்துச் சமையலறையில் நான் உருளைக்கிழங்கு உரித்தேன். என் வேகத்தைப் பார்த்து அந்த வெள்ளைக்காரப் பெண்கள் கத்தியை வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். அவர் ஆப்பிள் திருவிழாவில் வாகனங்களை ஒழுங்குபடுத்தினார். ஐந்து நிமிடத்தில் அது பஸ் நிலையம் மாதிரி ஆகிவிட்டது. வேலை செய்தால் ஆர்வி நிறுத்த இடம் தருவார்கள், தண்ணீரும் மின்சாரமும் தருவார்கள். எங்களுக்கு அது காணும்.

அந்த ஆர்வி ஓடிய இடமெல்லாம் எங்களோடு வந்த ஒரு சாமானைப் பற்றிச் சொல்ல வேண்டும். சமையல் அலுமாரியில் பருப்பு ரின்னுக்குப் பின்னால் காகிதத் தட்டு ஒரு கட்டு. சனிக்கிழமைகளில் காகத்துக்குச் சோறு வைக்கிற தட்டு.

ஆறு வருடத்துக்கு முன்பு என் மார்பில் ஒரு கட்டி வந்தது. வெட்டினார்கள், மருந்து ஏற்றினார்கள், தலைமயிர் கொட்டித் திரும்பவும் முளைத்தது. அந்த நாள்களில் யாரோ என் சாதகத்தைப் பார்த்து ஏழரைச் சனி என்று அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அவர் சொல்லவில்லை. சனிக்கிழமைகளில் ஒரு நேரம் மட்டும் சாப்பிடத் தொடங்கினார். அதுவும் மத்தியானம் சோறும் பருப்பும் ஒரு கறியும் தட்டில் வைத்து, காகம் வந்து வாய் வைத்த பிறகுதான். ஸ்காபரோவில் பின்வேலிக் கட்டையில் தட்டை வைத்துவிட்டு, கறுத்த அணில்கள் கொண்டு போகாமல் கையில் தும்புத்தடியோடு காவல் நிற்பார். எனக்கு உதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. நான் சிரிப்பேன். சனி போய்விட்டதென்று தெரிந்த பிறகு ஒருமுறை, "இனி விடலாந்தானே?" என்று கேட்டேன்.

"நீர் நல்லா இருக்கேக்கை ஏன் மாத்துவான்?" என்றார்.

அவ்வளவுதான் அவர் எனக்கு அதைப்பற்றிச் சொன்னது. மற்றதை நானே விளங்கிக்கொண்டேன்.

போன கோடையில் தூரப் பயணம் வேண்டாம் என்று ஒஷாவாவைத் தாண்டி ஏரிக்கரையில் ஒரு பூங்காவில் இடம் எடுத்தோம். வைகாசி நடுவில் போய் இறங்கியபோது குளிர் இன்னும் விட்டிருக்கவில்லை. காலையில் ஏரி தெரியாது. வெள்ளைப் புகார் மணல்வரை வந்து நிற்கும், பத்து மணிபோல அது மெல்லக் கழன்று போக, தண்ணீர் முதலில் ஒரு கோடாகவும் பிறகு முழுவதுமாகவும் தெரிய வரும். அதைப் பார்த்துக்கொண்டு தேத்தண்ணியைக் கையில் வைத்திருந்தால் தேத்தண்ணி ஆறிவிடும். நாள்கள் அங்கே ஒன்றோடொன்று கலந்து கிடந்தன. செவ்வாயா வியாழனா என்று எனக்குத் தெரியாது. சனி மட்டும் தெரியும். அன்றைக்கு அவர் காலையில் தேத்தண்ணியோடு நிறுத்திவிடுவார்.

எங்களுக்குத் தந்த வேலை ஒரு பறவைக்குக் காவல் இருப்பது. பிளவர் என்று பெயர். உப்புக்கொத்தி இனம். சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் பெரிசு, மணல் நிறம், கழுத்தில் கறுப்பு வளையம். இந்த ஏரிப்பக்கம் அருகிப்போன பறவையாம். ஒரு சோடி மணலில் சின்னக் குழி பறித்து நாலு முட்டை இட்டிருந்தது. அதற்குக் கம்பிக் கூடு போட்டு, சுற்றிவரக் கயிறு கட்டி, நாங்கள் மடக்குக் கதிரையில் இருந்து நாய் கொண்டுவருகிறவர்களையும் பந்து எறிகிறவர்களையும் விலத்திப் போகச் சொல்ல வேண்டும். அரை மணிக்கொருமுறை கொப்பியில் எழுத வேண்டும். பொறுப்பாக இருந்தவர் நரைத்த பின்னலும் வெயிலில் சிவந்த மூக்கும் உள்ள ஒரு பெண். அதிகம் பேசமாட்டார். எங்கள் இரண்டு பேரையும் அவருக்குப் பிடித்திருந்தது, நாங்கள் நேரத்துக்கு வருவதால்.

ஆனியில் ஒரு புதன்கிழமை நாலும் பொரித்தன. பஞ்சுக்குக் கால் முளைத்த மாதிரி நாலு குஞ்சுகள். பிறந்த அன்றே கம்பிக்கு வெளியே வந்து தண்ணீர் ஓரத்தில் தாமாகவே பூச்சி பிடித்தன. ஓடும், நிற்கும், ஓடும். நின்றால் மணல், கண்ணுக்குத் தெரியாது. எனக்கு மட்டும் தெரியும். அந்த விளக்கின் கீழ் இருபத்தாறு வருடம் பார்த்த கண்ணுக்கு அது ஒன்றும் பெரிய வேலையில்லை. "அங்கை ஒண்டு, இஞ்சை ரெண்டு" என்று நான் சொல்ல, அவர் கொப்பியில் எழுதுவார். குஞ்சு பறக்க மூன்றரைக் கிழமை செல்லும் என்றார் அந்தப் பெண். பறந்துவிட்டால் தப்பிவிடும். அதுவரை எல்லாமே அதற்கு எதிரி.

சனிக்கிழமை பகல் அவர் வழக்கம்போல ஆர்விக்குப் பின்னால் மர வாங்கு ஒன்றில் தட்டை வைத்தார். வைகாசியில் வந்ததிலிருந்து வைக்கிறார். ஐந்து காகங்கள் அதற்குப் பழகியிருந்தன. தட்டு வர முன்பே மேப்பிள் மரத்தில் வந்து இருக்கும். பூங்கா வாசலில் விலங்குகளுக்கு உணவு கொடுக்க வேண்டாம் என்று பலகை இருந்தது. அதை நான் காட்டியபோது அவர் கிட்டப்போய் நின்று வாசித்தார். "அணில் கிடக்கு, வாத்து கிடக்கு, ரக்கூன் கிடக்கு. உதிலை காகம் எங்கை கிடக்கு?" என்றார். "நான் சாப்பாடு குடுக்கேல்லை, படைக்கிறன்." நானும் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். என்னிலும் பிழை இருக்கிறது.

காகங்கள் தின்றன, அவர் தின்றார், நாங்கள் ஏரிக்கரைக்குப் போய்க் கதிரையில் இருந்தோம். சிறிது நேரத்தில் ஒரு காகம் பின்னால் வந்து கயிற்றுக்கு அந்தப்பக்கம் இறங்கியது. இரண்டு அடி நடந்தது. நான் எழும்பிக் கத்துவதற்குள் ஒரு குஞ்சைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. தாய்ப்பறவை மணலில் செட்டையை இழுத்து இழுத்துக் கத்தியது. திங்கட்கிழமை இன்னொன்று போனது. இந்தக் கரையில் காகம் வந்ததேயில்லை, இந்த முறை என்ன நடந்தது என்று அந்தப் பெண் எங்களிடமே கேட்டார்.

அன்று பின்னேரம் இவர் கழிப்பறைப் பக்கம் நடந்து போனதை நான் ஆர்விப் படியில் இருந்து பார்த்தேன். அவர் நடக்க, ஐந்து காகங்களும் மரத்துக்கு மரம் கூடவே போயின. அவர் நின்றார். அவையும் நின்றன. அவர் திரும்பி வந்தபோது முகம் கறுத்துப்போய் இருந்தது.

"இஞ்சரும், அதுகள் என்னைத்தான் தேடிக்கொண்டு அங்கை வருகுதுகள்," என்றார். "நான்தான் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிப்போட்டன்."

இரவு சாப்பிடவில்லை. அடுத்த நாள் காலை தானாகவே அந்தப் பெண்ணிடம் போய், தன்னுடைய பஸ் ஆங்கிலத்தில், சோறு வைத்ததையும் ஏன் வைத்தார் என்பதையும் ஒன்றும் மறைக்காமல் சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன். அந்தப் பெண் அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டார். பிறகு, இனி வைக்க வேண்டாம் என்றார். காகம் ஆளின் முகத்தை மறக்காது, கொஞ்ச நாளைக்குத் தொப்பி போட்டுக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். எங்களைப் போகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்தக் கிழமை ஒரு பெரும் புகாரில் மூன்றாவதும் காணாமல் போனது. காகமா, அலையா, தெரியாது. மிஞ்சியது ஒன்று. அவர் அதைச் சின்னவர் என்று அழைக்கத் தொடங்கினார். என்னுடைய பூப்போட்ட வெயில் தொப்பியையும் கறுத்தக் கண்ணாடியையும் மாட்டிக்கொண்டு, முகத்தைத் துவாயால் சுற்றிக்கொண்டு விடியக் காலையிலேயே போய்க் கதிரையில் இருப்பார். யாரும் பார்த்தால் வங்கி கொள்ளையடிக்க வந்தவர் என்றுதான் நினைப்பார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

பிறகு சனிக்கிழமை வந்தது. காகத்துக்கு வைக்க முடியாது. வைக்காமல் அவர் சாப்பிடவும் மாட்டார். வேறு எங்கேயாவது போய் வைத்துவிட்டு வாருங்கள் என்றேன்.

"சனிக்கிழமையிலைதான் சனம் கூட. ரெண்டைக் குடுத்துப்போட்டன். மிச்சம் ஒண்டை விட்டிட்டு நான் எங்கையும் போகேலாது."

"அப்ப சாப்பிடுங்கோ."

"அது ஏலாது."

நாள் முழுக்கத் தண்ணீரோடு இருந்தார். அவருக்கு நீரிழிவு. எனக்கு வந்த கோபத்தில் சட்டியைக் கழுவாமல் போட்டுவிட்டுப் போய்ப் படுத்தேன். ஒரு காகத்தின் வாயிலா என் உயிர் இருக்கிறது என்று கேட்க வேண்டும் போல இருந்தது. அடுத்த சனிக்கிழமை மூன்று மணிபோலக் கதிரையில் இருந்தவர் அப்படியே ஒரு பக்கம் சரிந்தார். சின்னத் தலைச்சுற்றல்தான். பழரசம் குடிக்க வைத்தேன். அது சாப்பாட்டில் சேராது என்று நான் சத்தியம் பண்ணிய பிறகுதான் குடித்தார். துவாய் விலகி, தொப்பி மணலில் கிடந்தது. கண்ணைத் திறந்ததும் "சின்னவர் எங்கை?" என்றார்.

அதற்குப் பிறகு வந்த சனிக்கிழமை குஞ்சுக்கு இருபத்து நாலு நாள். செட்டையை விரித்து விரித்து ஓடிப் பார்த்தது. இன்றைக்கோ நாளைக்கோ என்று அந்தப் பெண் சொல்லியிருந்தார். நான் காலையிலேயே சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் கறியும் சமைத்து, தட்டில் வைத்து மூடினேன்.

"வான் திறப்பைத் தாருங்கோ. நான் போய்க் காகத்துக்கு வைச்சிட்டு வாறன்."

"நீரோ? உந்த வானை நீர் ஓட்டுவீரோ?"

"ஓட்டுவன்."

அவர் மூன்று வருடமாக எனக்கு அந்தத் திறப்பைத் தந்ததில்லை. நானும் கேட்டதில்லை. கொரோலா காருக்கு மேல் எதையும் ஓட்டாதவள். ஆனால் அன்றைக்கு அவர் ஏரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திறப்பைத் தந்தார். தண்ணீர்க் குழாயைக் கழற்றி, மின்கம்பியைச் சுருட்டி, சில்லுக்கு வைத்த கட்டையை எடுத்து, "பின்னாலை பாக்கிறதை மறந்திடும், பக்கக் கண்ணாடி ரெண்டுந்தான் உமக்குக் கண்" என்றார்.

அலுமாரிக் கதவைக் கொழுவிப் பூட்ட இருவருமே மறந்துவிட்டோம். முதல் திருப்பத்தில் பருப்பு ரின் விழுந்து பின்கதவு வரை உருண்டு போனது. அடுத்த திருப்பத்தில் திரும்பி என்னிடம் வந்தது. ஹைவேயில் ஏறியபோது கை வேர்த்து ஸ்டியரிங் வழுக்கியது. லொறிகள் கடக்கும்போது ஆர்வி முழுவதும் ஒரு மூச்சு எடுத்து விடும். ஆனால் சிறிது தூரம் போனதும் என்னவோ இலகுவாகிவிட்டது. உயரத்தில் இருந்து பார்க்க ஏரி இடது பக்கம் முழுக்கக் கிடந்தது, வெயிலில் ஒன்றும் அசையாமல். நான் ஓட்டவில்லை, ஏரிதான் மெல்லப் பின்னால் போகிறது என்று தோன்றியது.

ஒஷாவாவில் ஒரு கடைத் தொகுதிக்குப் பின்னால், குப்பைத் தொட்டிகள் இருக்கும் வாகனத் தரிப்பிடத்தில் காகங்களைக் கண்டிருக்கிறேன். அங்கே போய் நிறுத்தினேன். தட்டைச் சீமெந்துத் திட்டில் வைத்து, சுற்றிவரப் பார்த்துவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக "கா... கா..." என்று கூப்பிட்டேன். குரல் சரியாக வரவில்லை. ட்ரொலி தள்ளிக்கொண்டு போன ஒரு மனிதர் என்னைப் பார்த்துவிட்டு வேகமாக நடந்தார். காகம் வரவில்லை.

முக்கால் மணித்தியாலம் நின்றேன். எனக்கு நம்பிக்கை இல்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆனால் நேரம் போகப்போக வாய் காய்ந்தது. தூரத்தில் விளக்குக் கம்பத்தில் ஒரே ஒரு காகம் இருந்தது. இந்தப் பக்கம் பார்ப்பதும் மற்றப் பக்கம் பார்ப்பதுமாக. வா என்றேன். வா ராசா என்றேன். ஆஸ்பத்திரியில் ஊசி ஏற்றிக்கொண்டு இருந்தபோதுகூட நான் யாரையும் அப்படிக் கெஞ்சவில்லை. எனக்குச் சாகப் பயமாக இருந்தது. ஆறு வருடமாக அவர் எனக்குப் பதிலாக அந்தப் பயத்தை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார், அது தெரியாமல் நான் பகிடி பண்ணிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

காகம் எழும்பி மற்றப் பக்கம் பறந்து போனது. எங்கிருந்தோ ஏழெட்டு வெள்ளைச் சீகல் பறவைகள் வந்து விழுந்தன. நான் கையை வீசி விரட்டினேன். என் தலைக்கு மேலால் வந்து, ஆர்விக் கூரையில் ஏறி இறங்கி, ஒரு நிமிடத்தில் தட்டைத் துடைத்துவிட்டன. பருப்புப் பட்ட கடதாசியைக்கூட ஒன்று கொத்திக்கொண்டு போனது. நான் ஏறி இருந்து அழுதேன். பிறகு கண்ணாடி இரண்டையும் பார்த்து வாகனத்தை எடுத்தேன்.

பூங்காவுக்குள் நுழையும்போதே அவர் தெருவில் நின்றார். தொப்பி இல்லை, துவாய் இல்லை. ஓடி வந்தார். அவர் ஓடி நான் பார்த்துக் கனகாலம்.

"பறந்திட்டுது," என்றார். "இஞ்சரும், சின்னவர் பறந்திட்டார். முதல் இவ்வளவு உயரம்." தன் முழங்காலைத் தொட்டுக் காட்டினார். "பிறகு தண்ணிக்கு மேலாலை போய், வட்டம் அடிச்சு, தாய்க்குப் பக்கத்திலை வந்து இறங்கினார். அந்த மனிசி அழுதிட்டுது. நானும்தான்." அவருடைய கண் இன்னும் ஈரமாக இருந்தது. பிறகுதான் ஞாபகம் வந்து, மெதுவாக, "காகம்?" என்று கேட்டார்.

"சாப்பிட்டிட்டுது," என்றேன்.

"நல்லாச் சாப்பிட்டதோ?"

"ஓம். முழுக்க."

அவர் ஆர்விக்கு முன்பக்கம் சுற்றிப்போய்க் கொஞ்ச நேரம் நின்றார். வாகனத்தில் கீறல் ஏதும் இருக்கிறதா என்று பார்க்கிறார் என்று நினைத்தேன். பிறகு உள்ளே வந்து கை கழுவி, மேசையில் இருந்தார். நான் போட்ட சோற்றை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் கத்தரிக்காய் கேட்டார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் போட்டேன்.

ஆவணி முடிவில் குஞ்சும் தாயும் தெற்குப் பக்கம் போய்விட்டன. நாங்கள் ஸ்காபரோவுக்குத் திரும்பினோம். இலைகள் நிறம் மாறின. சனிக்கிழமைகளில் அவர் பின்வேலியில் வழக்கம்போலத் தட்டு வைத்தார். நான் இப்போது சிரிப்பதில்லை. அணில் விரட்டத் தும்புத்தடியை நானே எடுத்துக்கொண்டு போனேன். ஐப்பசியில் எனக்கு வருடாந்தப் பரிசோதனை. அந்த நாள் நெருங்க நெருங்க எனக்கு நித்திரை குறைந்தது. கண்ணை மூடினால் அந்த விளக்குக் கம்பம் வரும், அதில் இருந்த காகம் வரும்.

ஆஸ்பத்திரித் தரிப்பிடத்தில் காரை நிறுத்தி அவர் இறங்கப்போகும்போது எனக்குத் தாங்கவில்லை.

"இஞ்சருங்கோ, நான் அண்டைக்குப் பொய் சொன்னனான். காகம் வரேல்லை. சீகல்தான் திண்டது."

"தெரியும்."

நான் அவரைப் பார்த்தேன்.

"வைப்பரிலை வெள்ளை இறகு ஒண்டு செருகிக் கிடந்தது," என்றார். "நான்தான் எடுத்து எறிஞ்சன்."

"தெரிஞ்சுகொண்டோ சாப்பிட்டனீங்கள்?"

அவர் ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டு இருந்தார். "அவ்வளவு பெரிய வானை நீர் தனிய ஹைவேயிலை ஓட்டிக்கொண்டு வந்து, ஒரு கீறல் இல்லாமல் வளைச்சுக் கொண்டுவந்து நிப்பாட்டினீர். உம்மைப் பாக்க, உமக்கு ஒண்டும் வராது எண்டு பட்டுது. பசிச்சுது. சாப்பிட்டன்."

உள்ளே போனோம். படம் எடுத்தார்கள், காத்திருக்க வைத்தார்கள், ஒன்றும் இல்லை, அடுத்த வருடம் வாருங்கள் என்றார் டொக்டர். அவர் டொக்டருக்கு இரண்டு தரம் நன்றி சொன்னார். காருக்குக் கிட்ட வந்ததும் அவர் மற்றப் பக்கம் சுற்றிப் போய், கதவைத் திறந்து இருந்து, பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, திறப்பை என்னிடம் நீட்டினார்.